அறுந்த செயினுக்கு வெல்டிங் வைக்கலாமா?

பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஒருவரின் கேள்வி: காய்ந்துபோன தென்னையை அறுக்கும்போது மரத்தில் இருந்த ஆணியில் பட்டு செயின்சாவின் செயின் அறுந்துவிட்டது. புதுச் செயின்தான். ஒரு சொட்டு வெல்டிங் வைத்தால் ஓடும் என்கிறார் பட்டறைக்காரர். வைக்கலாமா?

வெல்டிங் மட்டும் வேண்டாமுங்க. செயின் இரும்பு பதம் போட்டது. வெல்டிங் சூட்டில் அந்த இடத்துப் பதம் கெட்டுவிடும். போதாததற்கு, பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) மூக்கைச் சுற்றும்போது மடங்க வேண்டிய மூட்டு மடங்காமல் விறைத்து நிற்கும். முழு வேகத்தில் செயின் விநாடிக்கு 20 மீட்டர் போல ஓடுகிறது, அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் மறுபடி அறுந்தால் சாட்டை மாதிரி கைப்பக்கம் திரும்பும். அதைப் பிடிக்க மிஷினுக்கு அடியில் செயின் கேட்சர் என்று ஒரு கொக்கி இருக்கும். உங்கள் மிஷினில் அது உடையாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அறுந்தது ஓரிடம் மட்டும் என்றால் இணைக்கலாம். ரிவெட் ஓரத்தில் கீறல் தெரிந்தாலோ, பல பற்களின் முனை உடைந்திருந்தாலோ இணைப்பது வீண். ஏற்கெனவே ஒருமுறை அறுந்து ஒட்டிய செயின் என்றால் தூக்கிப் போட்டுவிடலாம்.

இணைக்கும் லிங்க் அளவு தவறக் கூடாது. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடுவுக்கு அளந்து பாதியாக்குங்கள்: அதுதான் பிட்ச். 9.5 மி.மீ. வந்தால் 3/8 இன்ச், 8.25 வந்தால் .325 இன்ச் பிட்ச். பாரின் பள்ளத்துக்குள் ஓடும் டிரைவ் லிங்க்கின் கனமும் பொருந்த வேண்டும். அந்த எண் பெரும்பாலும் பாரிலேயே பொறித்திருக்கும்.

உடைந்த லிங்க்கின் இரண்டு ரிவெட்டையும் செயின் பிரேக்கரில் தள்ளி எடுங்கள். பழைய ரிவெட்டைத் திரும்பப் போடவே கூடாது. ரிவெட்டோடு வரும் புதுத் தகட்டை ஒரு பக்கமிருந்து நுழைத்து, மறுபக்கம் இன்னொரு தகட்டை மாட்டி, ஸ்பின்னர் கருவியால் ரிவெட் தலையை உருட்டிப் பரப்ப வேண்டும். சுத்தியலால் அடிப்பவர்களும் உண்டு. அடிக்கிற அடியில் ரிவெட்டின் நடு உப்பிக்கொள்ளும், சில சமயம் தலை பிளக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

முடித்ததும் செயினைத் தொங்கவிட்டு மூட்டை அசைத்துப் பாருங்கள். தன் எடையிலேயே மடங்க வேண்டும். பக்கவாட்டில் ஆடக் கூடாது. செயின் கொஞ்சம் தேய்ந்திருந்தால் புதுத் தகட்டின் அடி மற்றதைவிட உயர்ந்து நிற்கும். அரத்தால் ராவி மட்டமாக்காவிட்டால் பாரில் தட்டிக்கொண்டே ஓடும்.

அப்புறம், ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு செயினை ஒரு சுற்று கையால் இழுத்துப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஓட்டத்தின்போது பாருக்கு நேரே முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்க வேண்டாம். சிறிது ஓட்டி நிறுத்தி, ஆறவிட்டு, டென்ஷனைச் சரிபாருங்கள். செயினை இழுத்து ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் ஆழமாகத் தடம் விழுந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இந்தச் செயினும் சீக்கிரம் போய்விடும்.

பிரேக்கரும் ஸ்பின்னரும் இந்த ஒரு வேலைக்காக வாங்குவது கட்டுப்படியாகாது. ரோலிலிருந்து செயின் வெட்டித் தரும் கடையில் இரண்டும் இருக்கும், அங்கே கொடுங்கள். அடுத்த மரத்தில் கை வைக்குமுன், எலிக்கு அடித்த தகரம், மோட்டார் வயருக்கு அடித்த ஆணி ஏதாவது இருக்கிறதா என்று அறுக்கும் உயரத்தில் சுற்றிப் பாருங்கள்.