அடிப்படைக் கணித வகுப்பு தேவையா?

கேள்வி: கணிதத்தில் பின்தங்கிய கல்லூரி மாணவர்களுக்கு முதலில் நடத்தப்படும் அடிப்படைக் கணித வகுப்புகளை அமெரிக்க மாநிலங்கள் பலவும் குறைத்துவருகின்றனவே, இது அம்மாணவர்களைக் கைவிடுவதாகாதா?

பதில்: அப்படிச் சொல்வதற்கில்லை. பட்டத்துக்குக் கணக்கில் சேராத அந்த வகுப்புகளுக்கும் கட்டணம் உண்டு. அவை இரண்டு மூன்று பருவங்கள் நீளும்போது, தேறியவர்களிலேயே பலர் அடுத்த வகுப்பில் சேராமல் நின்றுவிடுகிறார்கள். ஒரே ஒரு நுழைவுநிலைத் தேர்வைக் கொண்டு அங்கே அனுப்பப்பட்டவர்களில் கறுப்பின, லத்தீன் அமெரிக்க, ஏழை மாணவர்களின் விகிதம் கூடுதலாக இருந்ததே என் பார்வையில் பெரிய அநீதி.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் 907 மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தி, 2016-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அடிப்படை வகுப்பான தொடக்க இயற்கணிதம் மட்டும் படித்தவர்களில் 39 விழுக்காட்டினரும், நேரடியாகக் கல்லூரிநிலைப் புள்ளியியலில் சேர்ந்து வாரந்தோறும் துணைப் பயிற்சி பெற்றவர்களில் 56 விழுக்காட்டினரும் தேறினர். கலிபோர்னியாவின் 2017-ஆம் ஆண்டுச் சட்டமோ, மாணவரை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று தீர்மானிக்கும்போது பள்ளி மதிப்பெண்களைக் கருத்தில் கொள்வதைக் கட்டாயமாக்கியது.

துணை வகுப்பு பெயரளவில் நடந்தால் பயனில்லை. புள்ளியியலில் திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) கற்பிக்கும் அதே வாரத்தில், அதைக் கணக்கிடத் தேவையான வர்க்கமும் வர்க்கமூலமும் குறை எண்களின் கழித்தலும் மீண்டும் சொல்லித்தரப்பட வேண்டும். பொறியியலுக்குச் செல்வோர் இயற்கணிதத்தைத் தவிர்க்க முடியாது; அவர்கள் விஷயத்தில் மட்டும் சற்று நிதானம் தேவை என்பேன்.