தட்டைப் பாதம் இருந்தால் ராணுவத்தில் சேரவே முடியாதா?

அக்னிவீர் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள், தட்டைப் பாதம் இருக்கிறது, ஓட்டம் நன்றாகவே வருகிறது, மெடிக்கலில் வாயைத் திறக்காமல் இருந்தால் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். "வாய்ப்பே இல்லை, வேற வேலை பாருங்க" என்று ஒருவர் அதற்குள் பதிலும் போட்டுவிட்டார். அதைப் பார்த்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

விண்ணப்பியுங்கள் தம்பி. மறைக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். ஜட்டியோடு வெறுங்காலில் நிற்க வைத்துத்தான் பார்ப்பார்கள். பாதத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பீர்கள்?

தட்டைப் பாதத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சாதாரணமாக நிற்கும்போது உள்ளங்கால் முழுதும் தரையில் படியும், குதிகாலைத் தூக்கி எக்கி நின்றால் வளைவு திரும்ப வந்துவிடும். இன்னொன்று இறுகிப்போனது, எக்கினாலும் வளைவு வராது. இரண்டாவது வகையை எடுக்க மாட்டார்கள். ஆனால் எக்கும்போது வளைவு வந்து, முன்னங்காலில் குதிக்கவும் ஓடவும் முடிந்து, பாதம் இறுக்கமோ வலியோ இல்லாமல் இருந்தால் எடுக்கலாம் என்று ராணுவ மருத்துவ விதியிலேயே இருக்கிறது. நான் டாக்டர் இல்லை. அந்த விதியால் உள்ளே போனவன், அவ்வளவுதான்.

எனக்கு வேலூர் பக்கம், கம்மவான்பேட்டைக்கு அடுத்து ஒரு கிராமம். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு, எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அங்கெல்லாம் பையன் பிளஸ் டூ முடித்தால் அடுத்து என்ன என்று யாரும் கேட்பதில்லை. என் தாய்மாமனும் பட்டாளத்துக்காரர். லீவில் வந்திருந்தவர், நான் கால் கழுவிவிட்டுத் திண்ணையில் நடந்த ஈரத் தடத்தைப் பார்த்துவிட்டு, "டேய், இது சப்பைக் காலுடா, உன்ன எடுக்கமாட்டான்" என்றார். அம்மாவுக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட.

ஆனாலும் 1998-ல் ஆளெடுப்புக்குப் போனேன். ஓட்டத்தில் முதல் கும்பலில் வந்தேன். மெடிக்கலில் டாக்டர் குனிந்து உள்ளங்காலுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார், போகவில்லை. தாளில் ஏதோ கிறுக்கி, ராணுவ மருத்துவமனையில் ரிவியூவுக்கு, அதாவது மறுபரிசோதனைக்கு, போ என்று சீட்டைக் கையில் கொடுத்தார். உடன் வந்த பையன்கள் பலர் ரிவியூ என்றாலே ரிஜெக்ட் என்று நினைத்துப் பஸ் ஏறிவிட்டார்கள். நான் போனேன்.

அங்கே எலும்பு டாக்டர் ஒரு லெப்டினன்ட் கர்னல். மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து "பஞ்ஜோன் பே கடே ஹோ" என்றார். எனக்கு அப்போது ஹிந்தி ஒரு அட்சரம் தெரியாது. பக்கத்தில் நின்ற மலையாளி ஆர்டர்லி, டாக்டர் பார்க்காதபோது தன் குதிகாலைத் தூக்கிக் காட்டினார். நானும் எக்கினேன். டாக்டர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்காலுக்கு அடியில் தள்ளினார். பாதிப் பேனா உள்ளே போயிற்று. அப்புறம் அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவர் வரைக்கும் முன்னங்காலிலேயே குதித்துப் போகச் சொன்னார். கணுக்காலைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி "தர்த்?" என்றார், வலிக்கிறதா என்று. அந்த வார்த்தை மட்டும் மாமா புண்ணியத்தில் தெரியும். "நஹி சாப்." ஃபிட்.

உடனே யாராவது வந்து, அது கார்கில் நேரம், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்கள் என்பார்கள். கார்கில் சண்டை 1999-ல். நான் சேர்ந்தது அதற்கு முந்தைய வருஷம். கண்ணை மூடிக்கொண்டெல்லாம் எடுக்கவும் இல்லை. என்னோடு அதே வரிசையில் நின்ற ஆரணிப் பையன் என்னைவிட நன்றாக ஓடுவான். அவனுக்கு முட்டி தட்டும். இரண்டு முட்டியையும் சேர்த்து நிற்க வைத்தால் கணுக்கால்களுக்கு நடுவே இடைவெளி விழும், அது ஆண்களுக்கு 5 செ.மீ.க்கு மேல் போனால் ஆகாது. ரிவியூவிலும் அதையே எழுதிவிட்டார்கள். அவன் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான். எலும்பு அமைப்பைக் கெஞ்சி மாற்ற முடியுமா? இப்போது சொந்தமாக லாரி வைத்திருக்கிறான், என்னைவிட வசதி.

வெல்லிங்டனில் பயிற்சி. மதராஸ் ரெஜிமென்ட் சென்டர் அங்கேதான், குன்னூருக்குப் பக்கத்தில். மேடும் பள்ளமுமான இடம், பூட்ஸும் புதுசு. குதிகாலில் கொப்புளம் வந்தது, ஆனால் வளைந்த பாதக்காரர்களுக்கும்தான் வந்தது. சர்வீஸ் முழுக்கப் பாதத்தால் ஒரு நாள்கூட சிக் ரிப்போர்ட் போட்டதில்லை. எல்லாருக்கும் இப்படியே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு நிஜமாகவே வலிக்கும். தினமும் ஓடிவிட்டு வந்து ராத்திரி கால் வலியில் தூக்கம் வராதவர் என்றால், டாக்டர் விட்டாலும் உடம்பு விடாது.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கால் வலி வந்தது ரிடையர் ஆன பிறகுதான். ஒரு வங்கிக் கிளையில் கன்மேனாகச் சேர்ந்தேன். வழவழப்பான டைல்ஸ் தரையில் நாள் முழுக்க நிற்க வேண்டும். ஒரு ஸ்டூல் கேட்டேன். "உட்கார்ந்தா செக்யூரிட்டி மாதிரி இருக்காதுங்க" என்றார் மேனேஜர். அதே மேனேஜர் டீ வாங்கிவரச் சொல்வார், அப்போது வாசலில் செக்யூரிட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வருகிறவர்கள் சலானை நீட்டி "வாட்ச்மேன், இத கொஞ்சம் ஃபில் பண்ணு" என்பார்கள். தோளில் இரட்டைக் குழல் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு கேஒய்சி ஃபாரம் எழுதிய ஆள் நான். எழுதிக் கொடுப்பதில் ஒன்றும் இல்லை, "எழுதித் தாங்க" என்று சொல்லலாம் இல்லையா?

சரி, உங்கள் விஷயம். இப்போது முறை மாறிவிட்டது. 2022-ல் அக்னிபத் திட்டம் வந்தது, அதில் சேர்கிறவர்தான் அக்னிவீர். அடுத்த வருஷத்திலிருந்து ஆன்லைன் எழுத்துத் தேர்வு முதலில், அதில் தேறியவர்களுக்குத்தான் ராலி, அதாவது மைதானத்தில் நடக்கும் ஆளெடுப்பு, மெடிக்கல் கடைசியில். 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் புல்-அப்ஸுக்கும் மார்க் உண்டு, பத்து புல்-அப்ஸ் எடுத்தால் 40. மெடிக்கலுக்கு மார்க் கிடையாது, ஃபிட் அல்லது அன்ஃபிட். (நான்கு வருஷ வேலைதானே, அது முடிந்ததும் நாலில் ஒருத்தனைத்தானே வைத்துக்கொள்வான் என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள், திட்டம் போட்டது நான் இல்லை.) அதனால் மாதக்கணக்கில் படித்து ஓடிய பிறகு கடைசி நாளில் பாதத்தைப் பற்றித் தெரிந்துகொள்வதைவிட, இப்போதே அரசு மருத்துவமனையில் எலும்புப் பிரிவுக்குப் போய், ராணுவத்துக்கு விண்ணப்பிக்கிறேன் என்று சொல்லிக் காட்டுங்கள். ஓ.பி. சீட்டு வாங்கி ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தால் போதும்.

பயிற்சி மையத்தில் யாராவது "மெடிக்கல்ல நம்ம ஆள் இருக்கார், பாத்துக்கலாம்" என்று பணம் கேட்டால் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அவர் எல்லாரிடமும் வாங்குவார். தானாகப் பாஸ் ஆனவனின் காசை வைத்துக்கொண்டு, ஃபெயில் ஆனவனிடம் "அந்த ஆபீசர் மாத்தலாகிட்டார்" என்பார். ஒவ்வொரு ராலியிலும் புரோக்கர்களை நம்பாதே என்று ராணுவமே அறிவிக்கிறது.

ராலியில் அன்ஃபிட் என்று எழுதினால் அங்கேயே உட்கார்ந்து அழாமல், ரிவியூ எங்கே, எந்தத் தேதிக்குள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தத் தேதி தப்பினால் கதை முடிந்தது.

அப்புறம், காது. ராலிக்கு முன்னால் ஈ.என்.டி. டாக்டரிடம் போய்க் காது அழுக்கை எடுத்துவிடுங்கள், ஹேர்பின்னை விட்டு நீங்களே குடையாதீர்கள். பாதத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டுவிட்டுக் காதில் அழுக்கு என்று ரிவியூவுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.