வாசகர் கேள்விகள்: பல நூலகங்களில் ஒரே மின்தொகுப்பு

கேள்வி: எங்கள் நூலகத்தின் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் வைத்திருக்கிறோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோ தம் மின்தொகுப்புகளை ஒன்றிடம் ஒன்று ஒப்படைத்துக் காப்பதாகப் படித்தேன். இரண்டு நகல்கள் போதாவா? பிறரிடமுள்ள நகல் பழுதாகவில்லை என்பதை எப்படி அறிவது?
– கல்லூரி நூலகர் ஒருவர், திருச்சி

பதில்: இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால் ஒரு நாள் வெள்ளத்துக்கே இரண்டும் போய்விடும். வெவ்வேறு ஊர்களில் இருந்தாலும், ஒன்று மட்டும் மாறிவிடும்போது, முன்பே குறித்துவைத்த சரிபார்ப்பு எண் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், உள்ளடக்கம் மாறினால் தானும் மாறிவிடும் எண்) இல்லாவிட்டால், எது மூலத்துக்கு உண்மையானது என்று அவ்விரண்டைக் கொண்டே தீர்மானிக்க இயலாது.

நீங்கள் படித்தது லாக்ஸ் என்ற மென்பொருளைப் பற்றியதாக இருக்கலாம். சந்தா கட்டிப் பெற்ற மின்னிதழ்களை நூலகங்கள் தம்மிடமே வைத்துக்கொள்வதற்காக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உருவானது அது. 2004இல் எமரி, ஜார்ஜியா டெக், வர்ஜீனியா டெக் உள்ளிட்ட ஆறு பல்கலைக்கழகங்கள், அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் துணையுடன், அதே மென்பொருளைக் கொண்டு தம் சொந்தத் தொகுப்புகளைக் காக்க மெட்டாஆர்கைவ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின.

உங்கள் இரண்டாம் கேள்விக்கான விடைதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காணும் பதிப்பாசிரியரின் வேலையை இங்குக் கணினிகளே செய்கின்றன. ஒரு நூலகத்தின் கணினி, தன்னிடமுள்ள கோப்பைப் பற்றி, அதன் நகலை வைத்திருக்கும் மற்ற நூலகங்களின் கணினிகளிடம் வாக்கெடுப்பு நடத்துகிறது. ஒவ்வொன்றும் தன் நகலிலிருந்து சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு அனுப்புகிறது. பெரும்பான்மையோடு ஒவ்வாத நகல், ஒத்திருப்பவற்றில் ஒன்றைக் கொண்டு திருத்தப்படுகிறது. ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் புதியதோர் எண் கணக்கில் கலக்கப்படுவதால், பழைய விடையை நினைவில் வைத்து ஒப்பிக்க முடியாது; கோப்பை மீண்டும் முழுமையாகப் படித்தே ஆக வேண்டும். இவை அனைத்தும் வேண்டுமென்றே மெதுவாக நடக்கின்றன. நகல்களை ஒரே மூச்சில் மாற்ற நினைக்கும் விஷமிக்கு அந்த நிதானமே தடை. எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நிர்வாகி இல்லாததால், ஒருவரின் கைத்தவறும் எல்லா நகல்களையும் அழித்துவிடாது.

ஆனால் மங்கலாக ஸ்கேன் செய்த பக்கம் எத்தனை ஊர்களில் நகல் இருந்தாலும் மங்கலாகவே இருக்கும். கூட்டமைப்பில் சேருமுன் உங்கள் கோப்புகளை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மின்னிதழை வெளியிட்ட பதிப்பகமே அதை நிறுத்திவிட்டால் பழைய கட்டுரைகள் என்னாகும்?
– ஆய்வு மாணவி, சென்னை

பதில்: அதற்கென்றே லாக்ஸ் மென்பொருளால் இயங்கும் க்ளாக்ஸ் என்ற காப்பகம் இருக்கிறது. எடின்பரோ, ஹாங்காங், பெர்லினின் ஹம்போல்ட் ஆகிய பல்கலைக்கழகங்கள் உட்படப் பன்னிரண்டு இடங்களில் அதன் நகல்கள் பூட்டி வைக்கப்படுகின்றன. எந்தப் பதிப்பகத்திடமும் ஓர் இதழ் கிடைக்காத நிலை வரும்போது பூட்டு திறக்கப்பட்டு, சந்தா கட்டியவர், கட்டாதவர் என்ற வேறுபாடின்றி அனைவரும் இலவசமாகப் படிக்கலாம். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பற்றிய கிராஃப்ட் என்ற ஆய்விதழ் அவ்வாறு திறந்துவிடப்பட்ட ஒன்று.