கணினி இல்லாமல் அல்காரிதம்: வகுப்பாசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அல்காரிதத்தை, அதாவது ஒரு வேலையை முடிக்கும் படிப்படியான கட்டளை வரிசையை, ஒன்றாம் வகுப்புக்கு எதை வைத்துத் தொடங்கலாம்? வகுப்பில் கணினி கிடையாது.

பதில்: கணினி வேண்டவே வேண்டாம். தரையில் மாஸ்கிங் டேப்பால் 4×4 கட்டம் போடுங்கள். ஒரு கட்டம் 40 செ.மீ. இருக்கட்டும், சிறிதாக இருந்தால் பாதம் கோட்டில் விழும், எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதிலேயே சண்டை வரும். 'முன்னே ஒரு கட்டம்' அட்டை 10, 'இடப்பக்கம் திரும்பு' 4, 'வலப்பக்கம் திரும்பு' 4 போதும். ஒரு குழந்தை ரோபோ, இருவர் அட்டை அடுக்க, ஒருவர் வாசிக்க. அட்டைகளின்படி நடந்து, ரோபோ தொடங்கிய கட்டத்திலிருந்து குறித்த கட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கடைசி அட்டையை வைக்கும்வரை ரோபோ அசையக் கூடாது. இந்த விதியைத் தளர்த்தினால், ரோபோ போகப் போகப் பார்த்துக் கட்டளை சொல்வார்கள்; முன்கூட்டி யோசிக்கும் வேலையே நடக்காது.

கேள்வி: 'வலப்பக்கம் திரும்பு' என்றதும் திரும்பி, ஒரு கட்டம் நகர்ந்தும் விடுகிறார்களே?

பதில்: 'வலது பக்கம் போ' என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழகியதால் வருவது. முதல் நாள் திரும்பும் அட்டைகளை மட்டும் கொடுங்கள். நான்கு முறை வலப்பக்கம் திரும்பினால் பழைய திசைக்கே வருவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். ரோபோவின் இடக்கையில் சிவப்பு ரிப்பன், வலக்கையில் நீலம் கட்டுங்கள். அட்டைக்கும் அதே நிறம். ரோபோ எதிர்முகமாக நிற்கும்போது அடுக்குபவர்களுக்கு இடம் வலமாகத் தெரியும். தாளில் அதே கட்டத்தை வரைந்து, ஒரு சிறு பொம்மையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பாதை தவறினால் நான் திருத்திக் கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பிழையைத் தேடுவதுதான் இந்தப் பாடத்தின் உயிர். ஒவ்வொரு அட்டையும் முடிந்ததும் அதன்மேல் ஒரு பொத்தானை வைக்கச் சொல்லுங்கள். ரோபோ தவறான கட்டத்துக்குப் போனதும் நிறுத்துங்கள். கடைசிப் பொத்தான் இருக்கும் அட்டை 'முன்னே' என்றுதான் இருக்கும், ஆனால் பல சமயம் தவறு அதில் இருக்காது. அதற்கு முந்தைய திரும்பல்தான் தப்பாக இருக்கும். திரும்பல் பிழை அடுத்த நகர்வில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே ஒரு அட்டையை மாற்றி, முதலிலிருந்து ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

கேள்வி: எட்டு வயதுக்காரர்களுக்கு வரிசைப்படுத்துதலைச் சொல்லித்தர?

பதில்: நான்கு குழந்தைகள், ஆளுக்கொரு எண் அட்டை, சந்திக்கும் இடங்களாகத் தரையில் ஐந்து வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் இருவர் சந்திப்பார்கள். சிறிய எண் இடப்பக்கம், பெரியது வலப்பக்கம் போகும். முதலில் 1, 2ஆம் இடத்தவர்களும் 3, 4ஆம் இடத்தவர்களும். அடுத்து, இரு ஜோடிகளிலும் சிறியதாக வந்த இருவர் ஒரு வட்டத்தில், பெரியதாக வந்த இருவர் இன்னொன்றில். அதிலேயே மிகச் சிறியதும் மிகப் பெரியதும் தெரிந்துவிடும். மீதி இருவர் நடுவட்டத்தில் சந்தித்தால் வரிசை தயார். கெடுவது ஒரே இடத்தில்: வட்டத்துக்கு முதலில் வந்தவர் காத்திராமல் போய்விடுவார். நான்கு எண்களை 24 விதமாக நிறுத்தலாம். எல்லாவற்றையும் முயன்று பார்க்கக் குழந்தைகளே கேட்பார்கள்.

கேள்வி: தேடலுக்கு?

பதில்: 1 முதல் 100 வரை ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். '50ஐவிடப் பெரியதா?' என்று ஒவ்வொரு முறையும் பாதியாக வெட்டிக் கேட்டால் 7 கேள்விகளுக்குள் பிடித்துவிடலாம். பிறகு 15 எண் அட்டைகளைக் கலைத்துக் கவிழ்த்து வைத்து, இதே உத்தியால் ஓர் எண்ணைத் தேடச் சொல்லுங்கள். நடு அட்டையைப் புரட்டிவிட்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்பார்கள். வரிசைப்படுத்துவது எதற்கு என்று அப்போது கேளுங்கள்.