பனியாறு செதுக்கிய ஏரிகளைப் பார்த்தபடி எளிதாகச் சுற்றி வர பிரிட்டனில் எங்கே போகலாம்?

வேல்ஸின் வடக்கே, எரரி தேசியப் பூங்காவில் (ஸ்னோடோனியா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்) இருக்கும் கூம் இட்வலுக்குப் போங்கள். பெற்றோர் ஜூன் மாதம் ஊரிலிருந்து வருகிறார்கள், இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது, தினமும் நடப்பார்கள் ஆனால் மலை ஏறியதில்லை, கையில் அரை நாள்தான் இருக்கிறது என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். அத்தனைக்கும் ஒத்துவரும் இடம் இது. இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் ஏரிகள் ஏராளம்தான். ஆனால் பனியாறு (மலையிலிருந்து மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரள்) என்ன செய்தது என்பதை இவ்வளவு சின்னச் சுற்றுக்குள், கைதொடும் தூரத்தில் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

‘கூம்’ என்றால் மலையிடுக்கில் கிண்ணம் போலக் குடைந்த பள்ளம். மூன்று பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், நடுவில் லின் இட்வல் என்ற ஏரி. பெத்தெஸ்தா ஊரிலிருந்து ஏ5 சாலையில் தெற்கே வந்தால் ஆக்வென் காட்டேஜ் என்ற இடத்தில் வாகன நிறுத்தம், கழிப்பறை, சிற்றுண்டிக் கடை, சிறு தகவல் மையம் எல்லாம் உண்டு. நடை அங்கேயே தொடங்குகிறது. சுற்று முழுவதும் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். புறப்படும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், ஏரி சுமார் 370 மீட்டர். ஆக, ஏறுவது எழுபது மீட்டர் அளவுதான். நின்று பார்த்து, உட்கார்ந்து, படம் எடுத்துக்கொண்டு நடந்தால் மூன்று மணி நேரம் போதும்.

பாதையின் முதல் பகுதி கல் பாவியது. ஓடையின் மேல் ஒரு பாலம், அதைத் தாண்டிப் படிப்படியாக ஏற்றம். அரை மணிக்கும் சற்றுக் கூடுதலாக நடந்தால் ஏரி முகப்பு வந்துவிடும். மூட்டுவலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இந்தக் கற்படிகளில் இறங்கி வருவதுதான் சிரமம், அதனால் ஒரு கைத்தடி கொண்டுபோகச் சொல்லுங்கள். சக்கர நாற்காலிக்கோ குழந்தை வண்டிக்கோ இந்தப் பாதை சரிவராது.

ஏரிக்கு வந்ததும் உடனே சுற்றத் தொடங்காமல், முதலில் எதிரே இருக்கும் பாறைச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் அடுக்குகள் இரு பக்கமும் மேலே வளைந்து, நடுவில் தொய்ந்திருக்கும். சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த வண்டலும் எரிமலைக் கக்கலும்தான் அந்த அடுக்குகள். பின்னால் நிலம் நெருக்குண்டபோது அவை மடிந்தன. மடிப்பின் நடுவில் கறுப்பாக ஒரு பிளவு தெரிகிறதே, அதற்கு வேல்ஸ் மொழியில் ‘ட்வில் தீ’ என்று பெயர், ஆங்கிலத்தில் ‘சாத்தானின் சமையலறை’. மூடுபனி அதிலிருந்து புகையாகக் கிளம்பும் நாளில், உள்ளே சாத்தான் சமைக்கிறான் என்பார்கள் உள்ளூர்க்காரர்கள்.

மலையைக் கட்டியது நெருப்பும் கடலும் என்றால், குடைந்தது பனி. வடகிழக்கைப் பார்த்த பள்ளம் என்பதால் வெயில் இங்கே குறைவு, காற்று அடித்துவரும் பனியும் இங்கேதான் ஒதுங்கும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பனி தன் கனத்தாலேயே இறுகிக் கட்டியாகி, கீழ்நோக்கி மெல்ல நகர்ந்தது. அடியில் சிக்கிய கற்கள் உப்புத்தாள் மாதிரி தரையைத் தேய்த்தன. உறைபனி விரிசலுக்குள் புகுந்து பாறையைப் பிடுங்கவும் செய்தது. நடைவழியில் ஒரு பக்கம் வழவழவென்றும் மறுபக்கம் உடைத்துப் பிய்த்தது போலவும் இருக்கும் பாறைத் திட்டுகளைப் பார்ப்பீர்கள். வழவழப்பான பக்கத்திலிருந்து பிய்ந்த பக்கத்தை நோக்கித்தான் பனி நகர்ந்தது. அதன் மேல் கையை வைத்துத் தடவச் சொல்லுங்கள், நேர்கோட்டுக் கீறல்கள் விரலில் படும். எங்கள் அம்மா அந்தக் கீறலைத் தடவிப் பார்த்த பிறகுதான் கேள்வி மேல் கேள்வி கேட்க ஆரம்பித்தார். அதுவரை அவருக்கு அது மலையும் தண்ணீரும் மட்டும்தான்.

இந்த இடத்தோடு சார்லஸ் டார்வினுக்கு ஒரு கதை உண்டு, அதை நடக்கும்போதே பெற்றோருக்குச் சொல்லுங்கள். 1831 ஆகஸ்டில், பீகிள் கப்பலில் ஏறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 22 வயது டார்வின் தன் நிலவியல் பேராசிரியர் ஆடம் செட்ஜ்விக்குடன் இங்கே வந்தார். புதைபடிவம் கிடைக்குமா என்று இருவரும் பல மணி நேரம் பாறை பாறையாகத் துருவினார்கள். சுற்றிலும் பனியாற்றின் அடையாளங்கள் கண்ணெதிரே கிடந்தன. இருவர் கண்ணிலும் ஒன்றுகூடப் படவில்லை. அவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். பிரிட்டனை ஒரு காலத்தில் பனி மூடியிருந்தது என்ற எண்ணமே அப்போது அங்கே அநேகமாக யாருக்கும் இல்லை. 1840இல் லூயி அகாசி என்ற சுவிஸ் அறிஞர் வந்து ஸ்காட்லாந்தில் அந்தச் சுவடுகளைக் காட்டினார். அதன்பின் 1842இல் டார்வின் மறுபடி இதே பள்ளத்துக்கு வந்தார். இம்முறை எல்லாம் தெரிந்தது. தீயில் எரிந்துபோன வீடுகூட நடந்ததை இவ்வளவு தெளிவாகச் சொல்லாது என்று பின்னாளில் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார். ஏரிக்கருகே கிடக்கும் பெரும்பாறைகளுக்கு இன்று அவர் பெயர்தான். வழிகாட்டிப் பலகையும் துணையும் இல்லாமல் வருகிறவர்கள் பலர் 1831இன் டார்வினாகவே திரும்பிப் போகிறார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஏரி வலக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றுங்கள். கிழக்குக் கரைப் பாதை சீராக இருக்கும். அதன் கோடியில் சாய்ந்த பெரும் பாறைத் தளம் வரும், இட்வல் ஸ்லாப்ஸ் என்பார்கள். பாறையேறிகள் நூறாண்டுக்கு மேலாகப் பழகும் இடம், கயிறு கட்டி ஏறுகிறவர்களை வேடிக்கை பார்க்கலாம். அங்கே பாதை பிரியும். மேலே போவது சாத்தானின் சமையலறைக்குக் கீழே பாறைக் குவியல்களுக்கிடையே கையூன்றி ஏற வேண்டிய வழி. அதை உங்கள் பெற்றோருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஏரியின் தலைப்பக்கத்தை ஒட்டி, சிற்றோடைகளைக் கடந்து போகும் கீழ்வழியே போதும். முந்தின நாள் கனமழை பெய்திருந்தால் ஓடைகள் பெருகியிருக்கும். அப்படியானால் ஸ்லாப்ஸ் வரை போய்த் திரும்புங்கள், குறை ஒன்றுமில்லை.

மேற்குக் கரையில் புல் மூடிய மேடுகள் வரிசையாக வரும். தோண்டிப் போட்ட மண் போலத்தான் முதலில் தோன்றும். சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன், பெரிய பனியுகம் முடிந்த பிறகு மீண்டும் குளிர் கூடிய ஒரு காலகட்டத்தில், சிறு பனியாறு ஒன்று மறுபடி இங்கே குடியேறியது. அது உருகியபோது இறக்கிவைத்துவிட்டுப் போன கல்லும் மண்ணும்தான் இவை. மொரெய்ன் என்பார்கள். அந்த மேடுகளில் ஒன்றின் மேல் உட்கார்ந்து மதிய உணவைச் சாப்பிடலாம்.

செடிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1954இல் வேல்ஸின் முதல் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது இந்த இடம். ஆர்க்டிக் பகுதிக்கும் ஆல்ப்ஸுக்கும் உரிய செடிகள் இந்தக் குளிர்ந்த பாறை இடுக்குகளில் இன்னும் பிழைத்திருக்கின்றன. ஸ்னோடன் லில்லி என்ற சின்ன வெள்ளைப் பூ அவற்றில் ஒன்று. எட்வர்ட் லூயிட் என்ற வேல்ஸ் இயற்கையியலர் பதினேழாம் நூற்றாண்டிலேயே அதைக் கண்டு பதிவுசெய்தார். ஜூன் தொடக்கத்தில் பூக்கும், ஆனால் எட்டாத செங்குத்துப் பாறையில். தேடி ஏற வேண்டாம். 1998இலிருந்து இங்கே செம்மறி மேய்ச்சல் இல்லை, அதனால் ஹெதர் என்ற குறும்புதர்கள் மீண்டும் தழைக்கின்றன. வேலிக்கு வெளியே கடித்துக் குட்டையான புல், உள்ளே முழங்கால் உயரப் புதர். அந்த வித்தியாசத்தை நடந்தபடியே பார்க்கலாம்.

இறங்கி வந்ததும் காரில் ஏறிவிடாதீர்கள். சாலையை ஒட்டியே லின் ஆக்வென் என்ற இரண்டாவது ஏரி நீண்டு கிடக்கிறது. நீளம் பெரிதாக இருந்தாலும் ஆழம் மூன்று மீட்டர் அளவுதான். அதன் நீர் வழிந்து அருவியாக விழும் பாலத்தருகே வடக்கே பாருங்கள். நான்ட் ஃப்ரான்கன் பள்ளத்தாக்கு, அகன்ற தட்டையான அடியும் செங்குத்தான பக்கங்களுமாக இருக்கும். ஆறு மட்டும் வெட்டியிருந்தால் குறுகலாக இறங்கியிருக்கும். மேலே நீங்கள் சுற்றிவந்த பள்ளத்தின் பனியும் சேர்ந்து நகர்ந்த வழி அது.

சில நடைமுறைகள். மலைப் பகுதி என்பதால் ஜூனிலும் மழையும் காற்றும் சட்டென்று வரும். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு மழைச்சட்டையும் கம்பளிக் குல்லாயும் கட்டாயம். செருப்பு வேண்டாம், அடி பிடிக்கும் ஷூ போதும். சனி ஞாயிறு காலையிலேயே வாகன நிறுத்தம் நிரம்பிவிடும். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால், மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் கூட்டம் கலைந்து இடமும் கிடைக்கும். ஆனால் கடை மூடியிருக்கலாம், ஃபிளாஸ்க்கில் தேநீர் எடுத்துக்கொள்ளுங்கள்.