ரோமை அள்ளிய கணக்கு: வாசகர் கேள்வி பதில்

கி.பி. 410-ல் மன்னர் அலாரிக்கின் விசிகோத்துகளும், 455-ல் மன்னர் கெய்சரிக்கின் வாண்டல்களுமாக இரண்டு ஜெர்மானிய இனக் கூட்டங்கள் ரோம் நகரைக் கொள்ளையிட்டது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சில:

அவ்வளவு பெரிய மதிலை அலாரிக் எப்படி உடைத்தார்?

உடைக்கவே இல்லை. பேரரசர் ஆரேலியன் 271-ல் கட்டத் தொடங்கிய மதில் அது, சுற்றளவு சுமார் 19 கிலோமீட்டர். 401-403 ஆண்டுகளில்தான் அதன் உயரத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கியிருந்தார்கள். மதிலைத் தகர்க்கும் பொறிகளில் விசிகோத்துகளுக்குத் தேர்ச்சி கிடையாது. அதனால் நகரத்தின் வயிற்றில் கைவைத்தார்கள்.

ரோம் சாப்பிட்டது வட ஆப்பிரிக்கக் கோதுமையை. கப்பல்கள் டைபர் ஆற்று முகத்தில் இருந்த போர்ட்டஸ் துறைமுகத்துக்கு வரும். அங்கே மூட்டைகளைப் படகுகளுக்கு மாற்றி, ஆற்றோடு எதிரேற்றமாக இழுத்து வருவார்கள். 408-ல் அலாரிக் இந்த ஆற்றுப் பாதையை அடைத்தார். நகரத்தில் தினப்படி தானியம் முதலில் பாதியானது, பிறகு மூன்றில் ஒரு பங்கானது. 409-ல் போர்ட்டஸையே பிடித்துக்கொண்டார். 410 ஆகஸ்ட் 24 அன்று சாலரியா வாயில் உள்ளிருந்து திறக்கப்பட்டது.

திறந்தது யார் என்பதற்கு 6-ம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ் இரண்டு கதை சொல்கிறார். அலாரிக் 300 இளைஞர்களை அடிமைகள் என்று சொல்லிப் பிரபுக்களுக்குப் பரிசளித்து உள்ளே அனுப்பினார், அவர்கள் காவலர்களைக் கொன்று திறந்தார்கள் என்பது ஒன்று. பசியில் ஜனங்கள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் புரோபா என்ற செல்வச் சீமாட்டி தன் ஆட்களை விட்டுத் திறக்கச் சொன்னார் என்பது மற்றொன்று. முதல் கதையில் டிராய் மரக்குதிரையின் வாடை பலமாக அடிக்கிறது. நம் ஓட்டு பசிக்கு.

ரோமிடம் அலாரிக் மிளகு கேட்டாராமே, நிஜமா?

நிஜம்தான். ஆனால் அது 410-ல் அல்ல, 408-ல், முற்றுகையை விலக்கிக்கொள்ளக் கேட்ட விலை. பழைய வரலாற்றாசிரியர் சோசிமஸ் தரும் பட்டியல் இது: பொன் 5,000 ராத்தல், வெள்ளி 30,000 ராத்தல், பட்டு அங்கி 4,000, செஞ்சாயத் தோல் 3,000, மிளகு 3,000 ராத்தல்.

ரோமானிய ராத்தல் சுமார் 327 கிராம். அப்படியானால் பொன் 1,635 கிலோ, வெள்ளி கிட்டத்தட்ட 9.8 டன், மிளகு ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஒரு ராத்தல் பொன்னில் 72 சாலிடஸ் காசு அடிப்பார்கள் என்பதால், பொன் மட்டும் 3,60,000 காசு. அரசாங்க மாட்டு வண்டியில் 1,500 ராத்தலுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 4-ம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்தக் கணக்கில் வெள்ளிக்கு 20 வண்டி, பொன்னுக்கு 4, மிளகுக்கு 2. பட்டும் தோலும் தனி.

மிளகு இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து செங்கடல், எகிப்து வழியாகப் போன சரக்கு. எடை குறைவு, விலை அதிகம், லேசில் கெடாது. படையோடு ஊர் ஊராக அலைகிறவருக்கு இதைவிடத் தோதான சொத்து இல்லை.

வசூலில்தான் சிக்கல். ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தார்கள், பணக்காரர்கள் சொத்தை மறைத்தார்கள், கணக்கு உதைத்தது. கடைசியில் கோயில் சிலைகளின் நகைகளைக் கழற்றினார்கள். அதுவும் போதாமல் பொன், வெள்ளிச் சிலைகள் சிலவற்றை உருக்கினார்கள். உருகியவற்றில் ஒன்று வீரத்தின் தெய்வமான விர்ட்டூஸ். முற்றுகையில் இருக்கும் ஊர் வீரத்தை உருக்கி விற்றது பற்றி சோசிமஸ் நன்றாகவே புலம்பியிருக்கிறார்.

பேரரசர் ஹொனோரியஸ் எங்கே போனார்? கோழிக் கதை உண்மையா?

ரவென்னாவில் இருந்தார். 402 முதலே அரசவை அங்கேதான். சுற்றிலும் சதுப்பு, பக்கத்தில் கடல், பாதுகாப்பான இடம். ‘ரோம் அழிந்தது’ என்றதும் தன் செல்லக் கோழி ‘ரோமா’ செத்துவிட்டதாகப் பதறினார் என்ற கதையை எழுதியவரும் புரோக்கோப்பியஸ்தான். சம்பவத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எழுதியது, சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது.

விசிகோத்துகள் மூன்றே நாளில் கிளம்பிவிட்டார்கள். வாண்டல்கள் 14 நாள் இருந்தார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

விசிகோத்துகளுடையது படை மட்டுமல்ல. மனைவி மக்களோடு நகர்ந்த ஒரு கூட்டம். பட்டினி போட்டுப் பிடித்த ஊரில் இவர்களுக்கும் சாப்பாடு இல்லை. கிடைத்ததை வண்டியில் ஏற்றித் தெற்கே போனார்கள். கடல் தாண்டி, தானியம் விளைகிற ஆப்பிரிக்காவுக்கே போய்விடுவது திட்டம். புயலில் கப்பல்கள் போயின, திட்டமும் போனது.

கெய்சரிக் விஷயம் வேறு. 439 முதல் வட ஆப்பிரிக்கத் துறைமுக நகரமான கார்த்தேஜ் அவர் கையில். தானியமும் கப்பலும் அவருடையவை. 455 மே 31-ல் ரோமில் பேரரசர் பெட்ரோனியஸ் மாக்சிமஸ் தப்பியோடும்போது கொல்லப்பட்டார். ஜூன் 2-ல் வாண்டல்கள் நுழைந்தார்கள். தீ வைக்க வேண்டாம், கொலை வேண்டாம் என்று போப் முதலாம் லியோ நேரில் போய்க் கேட்டுக்கொண்டார். பிறகு அவசரமே இல்லாமல் அள்ளினார்கள். அரண்மனைப் பாத்திரங்களோடு ஜூபிடர் கோயில் கூரையையும் விடவில்லை. வெண்கலத்தின் மேல் கனமாகப் பொன் பூசிய கூரை அது, பாதியை உரித்தார்கள். கூரையை உரிக்க நாள் வேண்டும், கொண்டுபோகக் கப்பல் வேண்டும். இரண்டும் அலாரிக்கிடம் இல்லை. சிலைகள் ஏற்றிய ஒரு கப்பல் மட்டும் வழியில் மூழ்கியது.

ஆட்களும் சரக்குதான். முந்தைய பேரரசரின் விதவை யூடோக்சியா, அவருடைய இரண்டு மகள்கள், கூடவே ஆயிரக்கணக்கானோர். கார்த்தேஜில் குடும்பங்களைப் பிரித்து விற்காமலிருக்க பிஷப் தியோகிராசியாஸ் தேவாலயத்தின் பொன், வெள்ளிப் பாத்திரங்களை விற்று மீட்டார். இரண்டு பெரிய தேவாலயங்களில் வைக்கோல் பரப்பி அவர்களைப் படுக்கவைத்தார்.

410-ல் நடந்ததற்கு இன்று கண்ணால் பார்க்கத் தடயம் உண்டா?

ரோமின் பழைய பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரத்தில், பசிலிக்கா எமிலியா என்ற மண்டபத்தின் தளத்தைக் குனிந்து பாருங்கள். பளிங்கில் பொட்டுப் பொட்டாகப் பச்சைக் கறை தெரியும். கட்டடம் எரிந்தபோது தரையில் சிதறிக் கிடந்த சில்லறைக் காசுகள் உருகி ஒட்டிக்கொண்டவை. அதில் உள்ள செம்புதான் களிம்பேறிப் பச்சையாயிருக்கிறது. அந்தத் தீயை 410-ஓடு சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம். சாலரியா வாயிலை ஒட்டியிருந்த சல்லஸ்ட் தோட்ட மாளிகையும் அப்போது எரிந்தது.

ஜெருசலேம் கோயிலின் ஏழு கிளை விளக்கை வாண்டல்கள் கொண்டுபோனார்களா?

கி.பி. 70-ல் ஜெருசலேமைப் பிடித்த ரோமானியத் தளபதி டைட்டஸ் அதை ரோமுக்குக் கொண்டுவந்தது உறுதி. அவருடைய வெற்றி வளைவில் சிற்பமாகவே இருக்கிறது. 534-ல் கிழக்கு ரோமானியத் தளபதி பெலிசாரியஸ் கார்த்தேஜிலிருந்து கான்ஸ்டான்டினோபிளுக்குக் கொண்டுவந்த வாண்டல் சொத்தில் ‘யூதர்களின் பொக்கிஷங்கள்’ இருந்தன என்று புரோக்கோப்பியஸ் எழுதுகிறார். விளக்கு என்று பெயர் சொல்லவில்லை. அவற்றைப் பேரரசர் ஜஸ்டினியன் ஜெருசலேம் தேவாலயங்களுக்கு அனுப்பிவிட்டார் என்கிறார். அதோடு தடம் அறுந்துவிடுகிறது.

அப்படியானால் ரோமின் கட்டடங்களைப் பாழாக்கியது இந்த இரண்டு கூட்டமும்தானே?

தூக்கக்கூடியதைத்தான் தூக்கினார்கள். தூணையும் சுவரையும் வண்டியில் ஏற்ற முடியாது. கல்லுக்கு ஆசைப்பட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள்: வீடு கட்டப் பழைய மண்டபத்தைப் பெயர்த்தார்கள், பின்னாளில் பளிங்கைச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். வாண்டல்கள் போய் மூன்றே ஆண்டில், 458-ல், பேரரசர் மஜோரியன் ஒரு சட்டம் போட்டார். பொதுக் கட்டடத்தை இடிக்க அனுமதி தரும் அதிகாரிக்கு அபராதம் 50 ராத்தல் பொன். அதற்கு உடந்தையான சிப்பந்திகளுக்குத் தடியடி, பிறகு கையை வெட்டுவது.