பழைய ஸ்டீரியோ இருந்த இடத்தில் ஹோம் தியேட்டர் ரிசீவர்: கேள்வி பதில்

கேள்வி: சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 40 வாட் தரும் என் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை மாற்ற விரும்புகிறேன். 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டும் நல்ல நிலையில் உள்ளன. கடையில் காட்டிய ஹோம் தியேட்டர் ரிசீவரின் (பல ஸ்பீக்கர்களை ஓட்டி, படத்தையும் தொலைக்காட்சிக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர்) பெட்டியில் 175 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. ஸ்பீக்கர்கள் தாங்குமா?

பதில்: தாங்கும். அந்த 175 வாட் உங்கள் ஸ்பீக்கருக்கு வந்து சேரப்போவதில்லை. பெட்டியில் அச்சிடும் எண், பெரும்பாலும் 6 ஓம் சுமையில், ஒரே ஒரு சேனலை மட்டும் இயக்கி, 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியில், சிதைவு 10 விழுக்காட்டை எட்டும்வரை முடுக்கி அளந்ததாக இருக்கும். அதே கருவியின் கையேட்டில் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால், 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்கள் சேர்ந்து இயங்கும்போது 0.08 விழுக்காடு சிதைவு என்ற கடுமையான நிபந்தனையோடு 80 வாட் என்பது போன்ற எண் ஒன்று இருக்கும். ஒப்பிட வேண்டியது அதைத்தான். 40 வாட் 80 ஆனால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது சற்றே கூடிய ஒலி. இரு மடங்கு அன்று.

உங்கள் ஸ்பீக்கரின் உணர்திறன் 88 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தொலைவில் 88 டெசிபல் ஒலி கிடைக்கும். வீட்டில் பேச்சுக்கும் பாட்டுக்கும் அதுவே தாராளம். மிச்ச வாட்டுகள் திரைப்படத்தில் நொடிப்பொழுது வெடிக்கும் ஓசைகளுக்கான இருப்பு. ஆகவே வாட்டை விட்டுவிட்டு, கருவியின் பின்புறத்தைப் பாருங்கள். இ-ஆர்க் வசதியுள்ள (தொலைக்காட்சியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும்) எச்.டி.எம்.ஐ இணைப்பு, முன் சேனல்களுக்கான ப்ரீ-அவுட் (ஒலியை வேறொரு ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோகும் துளை), அறையின் ஒலியை அளந்து திருத்தும் மைக் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்பதே முதற்கேள்வி. இன்னொன்று: கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் ரிசீவரை வைக்காதீர்கள். மேலே நான்கு விரற்கடையாவது காற்றுக்கு இடம் வேண்டும்.

கேள்வி: ரெக்கார்ட் பிளேயரை நேராக ரிசீவரில் செருகலாமா?

பதில்: ஃபோனோ என்று எழுதிய துளை இருந்தால் செருகலாம், விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அது இருக்காது. சி.டி. பிளேயர் சுமார் 2 வோல்ட் அனுப்பும் இடத்தில், இசைத்தட்டின் ஊசி ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் மட்டுமே தரும். அதைப் பெருக்கினால் மட்டும் போதாது. தட்டில் பதியும்போது குறைத்த தாழ்சுருதியைக் கூட்டி, கூட்டிய மேல்சுருதியைக் குறைத்துச் சமன் செய்யவும் வேண்டும். உங்கள் பழைய ஸ்டீரியோ இதைச் சத்தமில்லாமல் செய்து வந்தது. புதியதில் ஃபோனோ இல்லையென்றால் தனி ஃபோனோ ப்ரீஆம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 120 வாட்டா, 150 வாட்டா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் தம்பி ரிசீவர் வாங்கி வருவதாகச் சொல்கிறான். அங்கே மலிவாமே?

பதில்: அங்கே விற்பது 120 வோல்ட் மின்சாரத்துக்கானது, சென்னையில் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் பழுதாகிவிடும். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் உத்தரவாதம் பொதுவாக இங்கே செல்லாது. பண்பலை வானொலியிலும் சிக்கல் உண்டு. அமெரிக்க ட்யூனர் 101.3, 101.5 என ஒற்றைப்படைத் தசமங்களில்தான் தாவும் என்பதால், சென்னையின் 101.4, 106.4 நிலையங்களில் சரியாக நிற்காது. தம்பியை வேறு ஏதாவது வாங்கி வரச் சொல்லுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. ரிசீவர் படம் பார்க்கத்தான் லாயக்கு. பழைய ஸ்டீரியோவின் இனிமை அதில் ஒருநாளும் வராது. இரண்டையும் என் வீட்டில் மாற்றி மாற்றிக் கேட்டே சொல்கிறேன்.

பதில்: கேட்டது உண்மையாக இருக்கலாம், காரணம் வேறாக இருக்கும். ஒரே ஆம்ப்ளிஃபயரை ஒரு டெசிபல் கூட்டி வைத்தாலே, ஒலி பெருகியதாகத் தோன்றாமல் இனிமை கூடியதாகத்தான் காதுக்குத் தோன்றும். இரண்டையும் அளவுகருவி கொண்டு ஒரே அளவில் நிறுத்தினீர்களா? பழையதில் தாழ்சுருதியைக் கூட்டிக் காட்டும் லவுட்னெஸ் பொத்தான் அமுங்கியிருந்ததா? புதியதில் ஸ்பீக்கர் ‘சிறியது’ என்று பதிவாகி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி, தாழ்சுருதிக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்-ஊஃபருக்குத் திருப்பிவிடப்பட்டிருந்ததா? இவற்றைச் சரிசெய்து, கண்ணை மூடிக்கொண்டு, எது எதுவென்று தெரியாமல் கேட்ட பிறகும் வேறுபாடு தெரிந்தால், அப்போது பேசலாம்.

கேள்வி: மேலே கேட்டவருக்காகச் சொல்கிறேன்: எடையைப் பாருங்கள் ஐயா! என் பழைய பெட்டியை இருவர் சேர்ந்து தூக்க வேண்டும்.

பதில்: எடையில் நியாயம் இருக்கிறது. பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் 4 ஓம் ஸ்பீக்கர்களைத் திணறாமல் ஓட்டும். அதே விலையில் ஏழு சேனல்களையும் காணொளிச் சுற்றுகளையும் அடைக்கும் ரிசீவரில் ஒரு சேனலுக்குக் கிடைக்கும் இரும்பு குறைவுதான். ஆனால் பழைய பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கிகள் வயதானவை. ஹம் என்ற இரைச்சல் கேட்டாலோ, ஒரு பக்கம் மங்கினாலோ பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். இருவருக்கும் ஒரு வழி உண்டு. ரிசீவரின் முன் இடது, வலது ப்ரீ-அவுட்களிலிருந்து பழைய ஸ்டீரியோவின் ஆக்ஸ் துளைக்குக் கம்பி கொடுத்து, ஸ்டீரியோவின் வால்யூம் குமிழை ஓரிடத்தில் குறியிட்டு நிறுத்திய பின், மைக் கொண்டு மீண்டும் அளவெடுங்கள். முன் ஸ்பீக்கர்களை ஸ்டீரியோ ஓட்டும். நடு, பின் சேனல்களை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், சூடு.

கேள்வி: ஸ்பீக்கர் கம்பிக்கு மீட்டருக்கு ஆயிரம் ரூபாய் சொல்கிறார்கள்.

பதில்: வேண்டாம். 1.5 சதுர மி.மீ. பல்லிழைச் செம்புக் கம்பி ஐந்து மீட்டர் தொலைவுக்குப் போதும். முனையில் ஓர் இழைகூடப் பிரிந்து பக்கத்து முனையைத் தொடாமல் முறுக்கிச் செருகுங்கள்.

கேள்வி: வீடியோ விளையாட்டுக் கருவியில் 4கே, நொடிக்கு 120 படம் ரிசீவர் வழியே வருமா?

பதில்: புதிய மாடல்களில் வரும். 2020-இல் வந்த சில 8கே ரிசீவர்களில் இருந்த எச்.டி.எம்.ஐ சில்லில் குறை இருந்ததால், பழையது வாங்குவோர் விசாரித்து வாங்குங்கள். கருவியைத் தொலைக்காட்சியில் நேராகச் செருகி, ஒலியை மட்டும் இ-ஆர்க் வழியே ரிசீவருக்கு இறக்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி: வாடகை வீடு, பத்துக்குப் பன்னிரண்டு அறை. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் வேண்டும்.

பதில்: கான்கிரீட் கூரையில் துளையிட வீட்டுக்காரர் விடுவாரா? இப்போதைக்கு முன்னால் மூன்று ஸ்பீக்கரும் ஒரு சப்-ஊஃபரும் போதும்.

கேள்வி: சவுண்ட்பாரில் எது சிறந்தது?

பதில்: அது என் துறை இல்லை.

கேள்வி: ரிசீவர் ஒரு மணி நேரத்தில் தானே அணைந்துவிடுகிறது. 90 வாட் போதவில்லையோ?

பதில்: எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஷோகேஸுக்குள் என்றால் வெளியே எடுத்து வைத்து ஓடவிட்டுப் பாருங்கள். அப்படியும் அணைந்தால் முனைகளில் கம்பி இழைகள் உரசுகின்றனவா என்று பாருங்கள். வாட்டைப் பற்றி இனிமேல் என்னைக் கேட்காதீர்கள்.